நாலு பேர் கையில் ஒரு சாவி

என் மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலது கண்ணில் பெரிய கட்டுப் போட்டிருக்கிறார்கள். வலி இல்லை, பசி நன்றாக எடுக்கிறது, ஒற்றைக் கண்ணோடு நர்ஸ்களிடம் மலாயில் அரட்டை அடிக்கிறார். அவரைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்குக் கவலை எல்லாம் உன்னைப் பற்றித்தான். உன் கடிதம் நேற்று வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தபிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம் எடுத்துக் கொடுத்தாள். யாரோ செத்துப்போன சேதி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் போல.

நீ சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறாய். கோலாலம்பூரில் கூட்டாளிகளோடு அறை எடுத்திருக்கிறீர்கள், நாலு பேரும் சேர்ந்து தபாலாபீசில் ஒரு பெட்டி வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். ஒரே சாவி, அது கதவு நிலைக்கு மேலே இருக்கும், யார் அந்தப் பக்கம் போனாலும் எல்லோருடைய கடிதத்தையும் எடுத்து வந்துவிடுவார்கள். அப்புறம் அந்த அண்ணன். உங்களை எல்லாம் ஜப்பானுக்குத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பி வைக்கிறேன் என்கிற அண்ணன். "அவரு ரொம்பக் கெட்டிக்காரரும்மா, எங்களுக்கு லெட்டர் வந்திருக்குன்னு நாங்க பெட்டியத் தொறக்குறதுக்கு முன்னாலேயே சொல்லிடுறாரு" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத்தான் மறுபடி மறுபடி படித்தேன். அதற்கு அடுத்த வரியில், உன் பிறப்புப் பத்திரத்தை அசலாகவே அந்தப் பெட்டி எண்ணுக்குத் தபாலில் அனுப்பச் சொல்கிறாய். உன் அடையாளக் கார்டையும் அவர் கேட்டிருக்கிறார், இந்த மாதக் கடைசியில் கொடுக்கப் போகிறேன் என்கிறாய்.

கொடுக்காதே. மற்றதை எல்லாம் மெதுவாகப் படி, இதை மட்டும் இப்போதே மனசில் வைத்துக்கொள். நான் வரும்வரை எதையும் யார் கையிலும் கொடுக்காதே.

உன் அப்பாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "புள்ள கேக்குறான், அனுப்பிடு லா. ஜப்பானுக்கெல்லாம் போகப் போறான்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். யார் சிரித்துப் பேசினாலும் நம்பிவிடுவார். அந்த நாளில் நான் ஒருத்தி இல்லையென்றால் அவர் இப்போது எந்த ஊரில் இருந்திருப்பாரோ, நாம் எங்கே இருந்திருப்போமோ. அந்தக் கதையை உனக்கு நாங்கள் சொன்னதில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. பேச்சு எடுத்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுவார். இப்போது கண்ணில் கட்டோடு படுத்திருக்கிறார், எழுந்து போக முடியாது. அதனால் எழுதுகிறேன். நீ மலாய்ப் பள்ளியில் படித்தவன், தமிழில் நாலு வரி எழுதுவாய், இவ்வளவு நீளத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, கூட்டிப் படி.

நாங்கள் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். அங்கே கடிதம் வந்தால் ஆபீசுக்குத்தான் வரும். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி கடிதங்களையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார். வாங்கியவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவர் அங்கேயே பிரித்துப் படிப்பார், சுற்றி நிற்பவர்கள் எல்லாம் கேட்பார்கள். யார் வீட்டில் சாவு, யாருக்குக் கல்யாணம், யார் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனார் என்பதெல்லாம் லயத்து வீடுகள் முழுக்கத் தெரியும். கடிதம் என்றால் ஒருவருக்கு மட்டும் உரியது என்ற எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை. நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள் என்பதால் எத்தனையோ பேர் கடிதத்தை நானே பிரித்துப் படித்திருக்கிறேன். அதில் தப்பு இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். என் தம்பிக்குச் சிலிம் ரிவரிலேயே ஒரு வேலை கிடைத்தது, அவன் அங்கே இருந்துவிட்டான். நாங்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தோம். அங்கே புந்தோங்கில் பின்வரிசையில், பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய வீடு. அந்த வரிசைக்கு வீட்டு எண்ணே கிடையாது, தபால்காரர் முன்வரிசையோடு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். மளிகைக் கடை பாய் ஒருவர் இருந்தார், நாகூர்ப் பக்கத்து மனிதர். அவர் தன் கடைக்காக டவுன் தபாலாபீசில் ஒரு பெட்டி வைத்திருந்தார். பின்வரிசை சனங்கள் எல்லோரும் அந்த எண்ணைத்தான் சொந்தக்காரர்களுக்கும் சர்க்காருக்கும் விலாசமாகக் கொடுத்தோம். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவியை ஒரு பலகைத் துண்டில் கட்டிக் கடை ஆணியில் மாட்டி வைத்திருப்பார். டவுனுக்குப் போகிறவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள், வரும்போது எல்லோருடைய கடிதத்தையும் கொண்டுவந்து அரிசி மூட்டை மேல் வைத்துவிடுவார்கள். பெரட்டு இல்லை, கிராணி இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். நீங்கள் நாலு பேர் இப்போது செய்வதைத்தான் நாங்கள் ஒரு வரிசையே சேர்ந்து செய்தோம்.

அது உன் அப்பாவுக்குச் சிவப்பு அடையாளக் கார்டு, பிரஜை ஆகாதவர்களுக்குக் கொடுக்கும் கார்டு, இருந்த காலம். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர், இங்கே பிறந்தவர் இல்லை. எனக்குப் பிரஜைகளுக்கு உள்ள நீலக் கார்டு, உனக்கும் பிரச்சினை இல்லை. அவருக்கு மட்டும் வேலை செய்ய பெர்மிட் வேண்டும், அது முடிந்தால் மறுபடி எடுக்கவேண்டும். கிடைக்காதவர்கள் கூட்டம் கூட்டமாகப் பினாங்குக்குப் போய் நாகப்பட்டினம் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். இவருக்கு அங்கே போனால் எந்த ஊரில் இறங்கி யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றுகூடத் தெரியாது. அந்த வருஷம் இவர் பெர்மிட் முடிந்துவிட்டது. மனுக் கொடுத்தபோது, கடிதம் வரும், அதில் போட்டிருக்கும் நாளில் அந்தக் கடிதத்தையும் கார்டையும் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இவர் வேலை செய்த மர ஆலைச் சீன முதலாளி, தவுக்கே, நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். "பெர்மிட் தாக் அடா, கெர்ஜா தாக் போலே" என்று சொல்லி இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெர்மிட் இல்லையென்றால் வேலை இல்லை. இவர் நாள் முழுக்க வீட்டு வாசலில் உட்கார்ந்து, காக்கிச் சட்டை போட்டவர் யார் போனாலும் உள்ளே எழுந்து வந்துவிடுவார். தெரு முனைத் தபால் பெட்டியைத் திறந்து கடிதம் எடுக்க வரும் ஆள்கூடக் காக்கிச் சட்டைதான் போட்டிருப்பான்.

அந்தச் சமயத்தில் எங்கள் வரிசைக்கு ஒரு தரகர் வந்துபோய்க்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒரு மோட்டார் சைக்கிள். பெர்மிட்டு, பிரஜா உரிமை எல்லாம் முடித்துத் தருகிறவர் என்று பேச்சு. "அடுத்த வாரம் ஒனக்கு லெட்டர் வரும் பாரு" என்பார். சொன்ன மாதிரியே வரும். சர்க்கார் ஆபீசில் அவருக்குப் பெரிய ஆள் இருக்கிறார் என்று எல்லோரும் நம்பினோம். வீட்டில் வளர்த்த கோழியைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. அவரும் டவுனுக்குப் போகிறவர்தானே, எத்தனையோ தடவை பாய் கடையில் சாவியை எடுத்துக்கொண்டு போய் எங்கள் கடிதங்களைக் கொண்டுவந்திருக்கிறார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம்.

ஒரு நாள் சாவி பூட்டுக்குள் நுழைந்தது, ஆனால் சுழலவில்லை. எங்கள் வரிசைத் தையல்காரர்தான் டவுனுக்குப் போயிருந்தார். வெறுங்கையோடு வந்து சாவியைப் பாய் முன்னால் வைத்தார். அப்போதுதான் பாய் விஷயத்தைச் சொன்னார். அவர் கடைக்கு வந்த கடிதங்கள் பிரித்து ஒட்டப்பட்டு வந்திருக்கின்றன, உறையில் சோற்றுப் பருக்கை காய்ந்து கிடந்திருக்கிறது, சில கடிதம் வரவே இல்லை. அவர் தபாலாபீசில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர்கள் பூட்டையே மாற்றிவிட்டார்கள். புதுச் சாவியை யாருக்கும் தரவில்லை. உள்ளே பார்த்தால் வேறு வேறு பெயரில் கட்டுக் கட்டாகக் கடிதம்.

"ஓங்கடையில எத்தன பேரு குடியிருக்காங்கன்னு கேக்குறான்மா" என்றார் பாய், தலையில் கை வைத்துக்கொண்டு. "நான் என்னத்தச் சொல்லுவேன்? மாசக் கடைசிக்குள்ள அவங்கவங்க கார்டோட நேர்ல வந்து, யாருகிட்டேருந்து லெட்டர் வரணும்னு சொல்லி வாங்கிக்கணுமாம். இல்லாட்டி வந்த எடத்துக்கே திருப்பி அனுப்பிச்சிருவானாம்."

எங்கள் சனம் பாயைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. நானும் திட்டினேன். ரெண்டு கடிதம் போனால் என்ன, இப்போது எல்லோர் வாயிலும் மண்ணைப் போட்டுவிட்டாரே என்று கத்தினேன். அந்தப் பூட்டுக்குள் உன் அப்பாவின் கடிதம் இருக்கிறதா, வந்துவிட்டதா, நாள் தாண்டிவிட்டதா என்று ஒன்றுமே தெரியவில்லை. திருப்பி அனுப்பினால் சர்க்காரில் என்ன நினைப்பார்கள்? ஆள் இல்லை, ஓடிவிட்டான் என்றுதானே எழுதி வைப்பார்கள்? 

மறுநாள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மட்டும் தபாலாபீசுக்குப் போனேன். கவுண்டரில் வழுக்கைத் தலையோடு ஒரு மலாய்க்காரர் இருந்தார். என் கார்டைக் காட்டி, என் புருஷனுக்கு வரவேண்டிய கடிதம் என்று தெரிந்த மலாயில் சொன்னேன். "தாக் போலே, காக். சென்டிரி டாத்தாங்" என்றார். முடியாது அக்கா, ஆள் தானே வரவேண்டும் என்பதை அதட்டாமல்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவைக் கூப்பிட்டால் அவர் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். அதற்குள் தரகர் வந்து காதில் ஓதிவிட்டுப் போயிருக்கிறார். "கவுண்டர்ல போயி செவப்பு ஐசி கார்டையும் முடிஞ்ச பெர்மிட்டையும் நீட்டுனா அங்கயே புடிச்சு வச்சுக்குவான் லா. எங்கிட்ட கார்டக் குடுங்க, ரெண்டு நாள்ல லெட்டரோட கொண்டாந்து தாரேன்" என்று சொன்னாராம். பக்கத்து வீட்டு அக்கா ஏற்கெனவே தன் புருஷன் கார்டைக் கொடுத்துவிட்டாள். நான் வெளியே போனால் உனக்குச் சோறு ஊட்டுகிறவள் அவள்தான். அவளே கொடுத்துவிட்டாள் என்றால் நமக்கு என்ன என்று எனக்கும் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன்.

தரகர் ஒரு மத்தியானம் வந்தார். நல்ல மழை. உள்ளே கூப்பிட்டு முக்காலி போட்டு, கோப்பி கலக்கிக் கொடுத்தேன். உன் அப்பா தகரப் பெட்டியைத் திறந்து கார்டைத் தேடிக்கொண்டிருந்தார். தரகர் கோப்பியை ஊதிக் குடித்துக்கொண்டே சிரித்தார்.

"தங்கச்சிக்கு நல்ல சேதி ஒண்ணு இருக்கு. சிலிம் ரிவர்ல ஓந்தம்பி வீட்டுல பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்."

எனக்கு ஒரே சந்தோஷம். தம்பி பெண்சாதிக்கு நாள் நெருங்கிவிட்டது என்று நான் ஒவ்வொரு நாளும் கடிதத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன். "யாருண்ணே சொன்னா?" என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரு. ஓங்கம்மா பேரயே வச்சுட்டாங்களாமே" என்று சொல்லி, அந்தப் பெயரையும் சொன்னார்.

என் அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தோட்டத்தில் செத்துப்போனவள். புந்தோங்கில் அவளைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. அந்தப் பெயரை உன் அப்பாவைத் தவிர ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஒருவருக்கு அது எப்படித் தெரியும்? தம்பி எனக்கு எழுதிய கடிதம் இந்த ஆளிடம் இருக்கிறது. பாயின் கடிதங்களைப் பிரித்ததும் இந்த ஆள்தான். இத்தனை நாளும் ஆபீசில் ஆள் இருக்கிறது என்று நாங்கள் கும்பிட்டதெல்லாம் இவர் பாய் கடைச் சாவியைப் போலவே கள்ளச் சாவி போட்டு எங்கள் பெட்டியைத் திறந்து படித்த சேதியைத்தான். இப்போது பூட்டை மாற்றிவிட்டார்கள், உள்ளே கை நுழையவில்லை, அதனால் எங்கள் கார்டு வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளை பிறந்த சேதியை நான் திருடன் வாயிலிருந்து கேட்டேனே என்று ஒரு பக்கம் ஆத்திரம். இன்னொரு பக்கம் பயம், அதுதான் பெரிசு. சத்தம் போட்டால் இந்த ஆள் நேரே போலீசுக்குப் போய், இந்த வீட்டில் பெர்மிட் முடிந்த ஆள் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால்?

உன் அப்பா கார்டோடு வந்துவிட்டார். கையை நீட்டிவிட்டார். தரகரும் கையை நீட்டினார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை, என் இடுப்பில் இருந்த உன்னைத் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். நீ போட்ட கூச்சலில் தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தமே கேட்கவில்லை. "ஐயோ, புள்ளைக்கு என்னமோ கடிச்சிருச்சு, புடிங்க புடிங்க" என்று உன்னை உன் அப்பா கையில் திணித்து, அந்தக் கையில் இருந்த கார்டை நான் வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். தரகரிடம், "புள்ளயப் பாத்துட்டு நானே எடுத்து வைக்கிறேண்ணே, நாளைக்கு வாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். உன் தொடையில் சிவந்துபோய்விட்டது, தேங்காயெண்ணெய் தடவினேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் உன் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப நாளைக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"நாளைக்கு அவன் வந்துருவான். இப்பவே கெளம்புங்க."

"புடிச்சுட்டாங்கன்னா?"

"புடிச்சா நாலு பேரு முன்னால கவுண்டர்ல வச்சுப் புடிக்கட்டும். நானும் புள்ளையும் கூடத்தானே இருக்கோம்."

தைரியத்தில் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிற பயத்தைத் தாங்க முடியாமல் சொன்னேன். போகிற வழியில் பாயைக் கூப்பிட்டோம். அவரை அப்படித் திட்டியிருந்தேனே, அதை மனசில் வைக்காமல் கடையை மருமகனிடம் விட்டுவிட்டுக் கைலியை மாற்றிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார். பெட்டி அவர் பெயரில் இருந்ததால் அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

தபாலாபீசில் அதே வழுக்கைத் தலை மனிதர். எங்களுக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் ஸ்டாம்பு வாங்கிக்கொண்டிருந்தார். உன் அப்பா அதைப் பார்த்ததும் கார்டு வைத்திருந்த கையை இறக்கிக்கொண்டு வாசல் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். போலீஸ்காரர் ஸ்டாம்பை நாக்கில் நனைத்து ஒட்டி, உன் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். உன் அப்பா சிவப்புக் கார்டை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார். வைத்தாரே தவிர விரலை எடுக்கவில்லை. அந்த மனிதர் மெதுவாக இழுத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பெர்மிட் தாளைப் பிரித்துத் தேதியைப் பார்த்தார். அப்புறம் பாயைப் பார்த்து, இவர்தானா என்று கேட்டார். பாய் நெஞ்சில் கை வைத்து ஆமாம் என்றார். யாரிடமிருந்து கடிதம் எதிர்பார்க்கிறாய் என்று உன் அப்பாவைக் கேட்டார். பெர்மிட் ஆபீசிலிருந்து என்று இவர் சொன்னது எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லவேண்டி வந்தது. என்னைக் கேட்டார். சிலிம் ரிவரில் இருக்கும் தம்பி என்றேன். அவர் கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் திரும்பி வருகிறவரை நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெரியாது. கார்டு உள்ளே போய்விட்டது. உள்ளே டெலிபோன் பேசும் சத்தம் கேட்டது. உன் அப்பா என்னிடம், "தம்பி வீட்டுக்குப் போயிரு. புந்தோங்ல தனியா இருக்காத" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் உன்னை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த மனிதர் வந்தார். கார்டைத் திருப்பிக் கொடுத்தார், முதலில் அதைத்தான் கொடுத்தார். அப்புறம் நீளமான பழுப்பு உறை ஒன்று. பூட்டு மாற்றிய பிறகு வந்த உறை. பிரிக்காத உறை. நாங்கள் எந்தப் பூட்டைச் சபித்துக்கொண்டிருந்தோமோ, அதுதான் அந்தக் கடிதத்தைத் தரகர் கையில் சிக்காமல் காப்பாற்றியிருக்கிறது. ஆபீசுக்குப் போகவேண்டிய நாளுக்கு இன்னும் நாள் இருந்தது. என் தம்பியின் கடிதம் அங்கே இல்லை, இருக்காது என்று எனக்குத் தெரியும். இனிமேல் உன் பெயரில் ஒரு பெட்டி எடுத்துக்கொள், சாவியை உன்னிடமே வைத்துக்கொள் என்று அவர் எனக்கு மலாயில் நிதானமாகச் சொல்லி அனுப்பினார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சாமி கும்பிடும்போது அந்த வழுக்கைத் தலை நினைவுக்கு வரும்.

தரகர் மறுநாள் வரவில்லை, அதற்கப்புறம் எப்போதும் வரவில்லை. நாங்கள் மூவரும் பஸ் ஏறியதை யாரோ சொல்லியிருக்கவேண்டும். அவரோடு எங்கள் வரிசைக்காரர்கள் கொடுத்த கார்டுகளும் போய்விட்டன. பக்கத்து வீட்டு அக்காவும் புருஷனும் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார்கள். கார்டு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? கடைசியில் அலுத்துப்போய்க் கப்பல் ஏறிவிட்டார்கள். நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் அம்மி அவளுடையது, போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். உனக்கு ஊட்டிய கை அது. அங்கே போய் என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியாது. உன் அப்பாவுக்குப் பெர்மிட் கிடைத்தது. நீ பள்ளிக்கூடம் போன பிறகு நீலக் கார்டும் கிடைத்தது. நான் அந்த மாதமே என் பெயரில் ஒரு பெட்டி எடுத்து, சாவியைத் தாலிக் கொடியில் ஊக்குகளோடு கோத்துக்கொண்டேன். "தாலியே சின்னது, சாவி பெருசு" என்று உன் அப்பா கேலி செய்தார். செய்யட்டும். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது இதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். "நான் அப்படியா பயந்தேன்?" என்று கோபித்துக்கொண்டார்.  அப்புறம், "புள்ளையப் போயிப் பாத்துட்டு வா புள்ள, கட்டு அவுத்ததும் கெளம்பு" என்றார்.

அதனால் நான் வருகிறேன். அதுவரை நீ செய்யவேண்டியது இதுதான். கதவு நிலைக்கு மேலே இருக்கும் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நீயே தபாலாபீசுக்குப் போ. பூட்டை மாற்றச் சொல். மாற்றும்வரை கடிதங்களை உள்ளேயே வைத்திருக்கச் சொல். கார்டை உன் கையால் காட்டி உன் கையாலேயே திருப்பி வாங்கு. கவுண்டருக்குப் போகாதே, ஆபத்து என்று யாராவது சொன்னால் அவர்களைத்தான் சந்தேகப்படு. பத்து நாள் கடிதம் இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. கூட்டாளிகள் முறைத்துக்கொண்டால் எங்கம்மா ஒரு பயந்தாங்கொள்ளி என்று என் மேல் பழியைப் போடு. அந்த அண்ணனிடம் சண்டை போடாதே. ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து, அம்மா பத்திரத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று சிரித்துப் பேசி வை.

இந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இந்தக் கடிதமும் அதே பெட்டிக்குத்தானே வரப்போகிறது? உன் வேலை இடத்து விலாசத்தை நீ எழுதவில்லை, அறை விலாசத்தையும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது அந்தப் பெட்டி எண் ஒன்றுதான். மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தால் உனக்குத்தான் ஒன்றும் தெரியாமல் போகும். இருக்கட்டும். பெயர்களை மட்டும் எங்கும் எழுதவில்லை, உன் பெயர் உறைமேல் இருப்பதோடு சரி. என்றைக்கு வருகிறேன், எந்த பஸ் என்பதையும் எழுதமாட்டேன். உன் தபாலாபீஸ் வாசலில் வந்து நிற்பேன், நீ வருகிறவரை நிற்பேன்.

அண்ணே, இதைப் பிரித்தது என் மகனாக இல்லாமல் நீங்களாக இருந்தால், இவ்வளவு தூரம் படித்திருப்பீர்கள். உங்களைத் திருடன் என்று சந்தேகப்பட்டு எழுதியிருக்கிறேன். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லையென்றால் கோபித்துக்கொள்ளுங்கள், நேரில் வந்து காலில் விழுகிறேன். அப்படிப்பட்டவர்தான் என்றால், உங்களைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை, பயம்தான் இருக்கிறது. இந்த உறைக்குள் நீங்கள் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தயவுசெய்து இதை மறுபடி ஒட்டி, எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். என் கடிதம் வரவில்லையென்றால் அவன் உங்களிடம்தான் வந்து கேட்பான். இன்றைக்கு அவன் என்னைவிட உங்களைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறான்.

அம்மா